ஏழாவது ஆல்பத்தில் கிட்டார் இல்லை

"இல்ல தம்பி, அது தப்பு. உலகமே சேந்து பண்ற தப்பு. ஒத்தக்கம்மல் போட்ட பதினோரு ஆல்பத்துல ஏழாவதுதான் உச்சம்னு சொல்றாங்க பாருங்க, அதைவிடப் பெரிய பிழை அச்சு எந்திரம் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து வரலை. ஏழாவதுதான் இருக்கறதுலயே மட்டம். அதுக்குக் கீழ தரைதான்... நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், டார்ச்சு வாயில இருக்கு. காது சும்மாதானே இருக்கு? அது போதும்."

ரிப்பேர்காரர் அலமாரிக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேசியவர் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையை வீட்டு மனுஷர்கள்மேல் செய்துவந்தார். ஒத்தக்கம்மல் என்பது அந்த ராக் பாடகருக்கு அவருடைய வயதுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர்.

"வலது ஸ்பீக்கர் பெட்டியில கரகரன்னு ஒரு சத்தம். நாலு மணிக்குள்ள அது போயிடணும். ஏன்னு கேளுங்க... கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். நாலு மணிக்கு ஒருத்தன் வரான். என் பொண்ணு கட்டிக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாளே, அந்தப் பையன். பல் டாக்டர். போன மாசம் மொத தடவை வந்தான். நான் சம்பளமா கேட்டேன்? சொத்தா கேட்டேன்? ஒரே கேள்வி. எந்த ஆல்பம் பிடிக்கும்? 'ஏழாவது, மாமா. வாடகைக் கடல். அதுல அந்த கிட்டார்தான் உயிரே'ங்கறான். அதுக்குள்ள மாமா! கிட்டாராம்! தம்பி, அந்த ஆல்பத்துல கிட்டாரே கிடையாது!"

ரிப்பேர்காரரின் கை ஒரு கணம் நின்றது.

"ஆச்சரியமா இருக்கில்ல? இருபத்திரண்டு வருஷமா கேக்கறேன். டிரம்ஸ் இருக்கு. குரல் இருக்கு, பக்கத்து வீட்டுல குளிச்சுக்கிட்டே பாடற மாதிரி. கிட்டார் வரவேண்டிய இடத்துல... ஒண்ணுமில்ல. பஸ் போனப்புறம் ஸ்டாப்பு இருக்கும் பாருங்க, அப்படி வெறிச்சுன்னு. இல்லாத சத்தம் கேக்குதுங்கறவனுக்குப் பொண்ணைக் குடுக்கறதா? இன்னிக்கு கிட்டார் கேக்கும். நாளைக்கு இவ சொல்லாததெல்லாம் கேக்கும்!"

உள்ளறையில் எதுவோ டமாரென்று கீழே வைக்கப்பட்டது.

"கோவம். ரெண்டு நாளா அப்பாகூடப் பேச்சில்ல. இவளும் காதுல ரெண்டு பக்கமும் எதையோ சொருகிக்கிட்டு, 'இருக்குப்பா, நல்லாக் கேக்குதுப்பா'ங்கறா. போன் தானாச் சேத்துக்கும்மா, மூஞ்சியவே வெள்ளையாக்கிக் காட்டற சாமான்தானே அதுன்னேன். அதான் ஒரேயடியா சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வரட்டும். என் ரூம், என் செட்டு. ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல கிட்டாரைக் கைகாட்டட்டும், அடுத்த நாளே கல்யாண மண்டபம் பாக்கறேன். இல்லையா, வந்த வழியே போய்ப் பல்லைப் புடுங்கட்டும். ஞாயம்தானே?"

அவர் ஆல்பத்தின் அட்டையை எடுத்து, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் தெரிந்த ரிப்பேர்காரரின் முழங்கைக்கு அருகே நீட்டினார். பின்பக்கத்துப் பெயர்ப் பட்டியலில் கிட்டார்க்காரரின் பெயர்மேல் சிவப்பு மையில் அழுத்தமான ஒரு கோடு.

"அச்சுப்பிழை! நான்தான் அடிச்சேன். அடிச்சுட்டுப் பத்திரிகைக்கும் எழுதினேன், பதினாலு லெட்டர். மொத லெட்டரைப் போட்டாங்க, தமாஷ் பகுதியில. போகட்டும். எங்க தொழில்ல, தெரியாம ஒண்ணை அடிச்சுட்டோம்னா அடியில வரிசையாப் புள்ளி வச்சு, ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதணும். அடிச்சது தப்பு, இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம். முப்பத்தொரு வருஷத்துல அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட எழுதினதில்ல. ஒரு தடவை!"

மூச்சு வாங்கிக்கொண்டு இசைத்தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"நடந்தது என்னன்னு நான் சொல்றேன். மொத நாலு ஆல்பமும் தங்கம். ரெண்டு பெட்டியிலயும் ஒரே சத்தம், ஒளிவு மறைவு கிடையாது. அஞ்சாவதுலதான் பெருமை ஆரம்பிச்சுது. இனிமே இடது வேற வலது வேறன்னு பிரிச்சுப் பதிவு பண்றோம்னான். பிரிச்சான். பிரிச்சதுல பாதியக் காணோம்! கிட்டார்க்காரன் சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டான், இவன் வெளில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பேரை மட்டும் போட்டுட்டான். இதை உலகத்துல மொதல்ல கண்டுபிடிச்சது யாரு? இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு..."

நாற்காலி வலது பெட்டிக்கு எதிரே, இரண்டடி தள்ளிக் கிடந்தது.

"செட்டுல குறையிருக்குமோன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. என் பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்ப இந்த வீட்டுக்கு வந்தோம். நாலாவது ஆல்பம் வந்த வருஷம். கடைக்காரன் ஆள் அனுப்பறேன்னான். வேணாம்னுட்டேன். நானே மாட்டினேன், என் கையால. அன்னிலேர்ந்து பின்பக்கம் ஒருத்தர் கை வச்சதில்ல. வலது பெட்டிதான் கொஞ்சம் முரடு, அதிரும். இடது பரம சாது. எங்க வீட்டம்மா எங்க கல்யாணப் போட்டோவை அதுமேலதான் வச்சிருக்கா, கண்ணாடி போட்டது. இத்தனை வருஷத்துல ஒரு நூல் நகந்ததில்ல. அவ்வளவு மரியாதை அதுக்கு!"

ரிப்பேர்காரர் அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, போட்டோவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்விட்டார்.

"நம்பிக்கையில்லையா? போட்டே காட்டறேன்." முள் தட்டில் இறங்கியது. "கேளுங்க. டிரம்ஸ்... ஆங், கரகரப்பு நின்னுடுச்சே, கைராசிக்காரர் நீங்க. இப்ப குரல்... குளிக்கறான் பாருங்க. இப்ப ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு பொட்டல் வரும். அதைத்தான் அந்தப் பையன் உயிருங்கறான். இதோ... வருது... நல்லாக் கேளுங்க, ஒண்ணுமே இருக்காது..."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் கறுத்துப்போன ஒரு ஒயர் நுனி. அதில் சிலந்திக்கூடு. கை அதை உதறிவிட்டு உள்ளே போனது. திருப்புளி இரண்டு சுற்று சுற்றும் சத்தம்.

கிட்டார் வந்தது.

இருபத்திரண்டு வருஷம் வாசலில் நிறுத்தி வைத்த விருந்தாளி, கதவு திறந்ததும் யாரையும் கேட்காமல் கூடத்துக்கு வந்து உட்கார்வதுபோல வந்தது. கல்யாணப் போட்டோ லேசாக நடுங்கியது. அங்குலம் அங்குலமாக விளிம்புக்கு நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணுமாகத் தரையில் குதித்தது.

உள்ளறையிலிருந்து மகள் வந்து நின்றாள். மனைவி வந்து கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். கிட்டார் முடிந்து குரல் வந்தது. இப்போது அது குளியலறையில் இல்லை.

"தம்பி," என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில். "அந்த ஒயரு... ஒரு நாலரை மணி வரைக்கும்... பழையபடி..."

"கழட்டிக் குடுங்க தம்பி, ஆசைப்படறார்," என்றாள் மனைவி, நிமிராமல். "எங்க சொருகணும்னு நானும் பாத்து வச்சுக்கிட்டேன்."

ரிப்பேர்காரர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒயரைத் தொடாமல் பையை மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். அவருக்கு இடது பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டிருந்தது. முதல் பக்கம் ஓடி முடியும்வரை யாரும் எதையும் கைகாட்டவில்லை.

அவர் கிளம்பிப் போன பிறகு, தட்டை உறையில் போட மகள் அட்டையை எடுத்தாள். அடித்திருந்த பெயருக்குக் கீழே, சிவப்பு மையில், வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் பொடி எழுத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.