வெனிலா டப்பாவுக்கு அடியில்

— கைய எடுங்க! அந்த மூடியத் தொறங்கன்னு சொல்றேன். வெனிலா டப்பாவுக்கு அடியில என்னத்தத் திணிச்சு வெச்சிருக்கறீங்க?

— அட, கத்தாத புள்ள. ஏரிக்கரைக் கடைக்காரங்க அத்தன பேரும் இங்கதான் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! ஏனுங்க, இது என்ற ஊசி மருந்துதானுங்களே? ஐயோ, கல்லாட்டம் உறைஞ்சு கெடக்குதே!

— ஜில்லுனு வெக்கோணும்னு நீதான சொன்ன? ஐஸ்க்ரீம் பெட்டிய விட ஜில்லுனு ஏற்காட்டுல வேற எடம் எங்க இருக்குது?

— ஜில்லுனுதான் இருக்கோணும், உறையக் கூடாது! சேலத்து மருந்துக்கடைக்காரர் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல? பால் வெக்கிற ஃப்ரிட்ஜுல வைங்கன்னு நானும் சொன்னேன். ஒருக்கா உறைஞ்சா அந்த மருந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

— வெந்நியில கொஞ்ச நேரம் போட்டா எளகிரும் புள்ள.

— எளகறதுக்கு இதென்ன குல்ஃபிங்களா? குப்பைக்குத்தான் போகோணும். இந்த மலையில பெரியவங்களுக்குன்னு இந்த ஊசிய ஆரும் வாங்கி வெக்கறதில்ல. நம்மூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சேலத்துல சொல்லிவெச்சு, ஐஸ் வெச்சுக் கட்டி, பஸ்ஸுல டிரைவர் பக்கத்துலயே வெச்சு, அத்தன கொண்டை ஊசி வளைவும் பத்திரமா ஏறி வந்துச்சு. உங்க கைக்கு வந்து ஒரே ராத்திரியில போச்சு!

— போனாப் போவுது, விடு. முப்பத்தாறு வயசுல உனக்கெதுக்கு? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் போடறது அது.

— இத எத்தன தடவைங்க சொல்றது? சின்ன வயசுல போட்டா நொம்ப நல்லதுதான். நம்ம காலத்துல ஆரு போட்டாங்க? நாப்பத்தஞ்சு வரைக்கும் டாக்டரக் கேட்டுட்டுப் போட்டுக்கலாம், பலன் கொறையும், ஆனா இல்லாமப் போகாதுன்னு டாக்டரம்மா வெவரமாச் சொன்னாங்க. எங்கக்கா கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்ல துடிச்சத நான் பக்கத்துல இருந்து பாத்தவ. அது வராமத் தடுக்கத்தானுங்களே இந்த ஊசி?

— வாட்ஸப்புல வேற மாதிரி போடறானுங்க. ஊசி போட்டா கொழந்தை பொறக்காதாம்.

— பத்தாவதுல ஒண்ணு, எட்டாவதுல ஒண்ணு வெச்சுக்கிட்டு இனி உங்களுக்குக் கொழந்தை வேறயா? அது வெறும் புரளின்னு கேட்டுட்டேன். கை வலிக்கும், காய்ச்சல் அடிச்சாலும் அடிக்கும். சில பேருக்கு மயக்கம் வரும்னு போட்ட பொறகு கொஞ்ச நேரம் உக்கார வெப்பாங்க. அதுக்குப் போயி வாட்ஸப்பு!

— சரி சரி. அடுத்த மாசம் வேற வாங்கிக்கலாம். இப்ப ஊட்டுக்குப் போ.

— டாக்டரம்மா இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. நான் போயி உங்க லட்சணத்தச் சொல்லி, வேற மருந்துக்குச் சொல்லிட்டு வர்றேன்.

— போகாத, புவனா.

— வழிய விடுங்க.

— போகாதங்கறேன்! கூட்டமா இருக்கும்... வெயிலு வேற.

— ஏற்காட்டுல வெயிலா? இருங்க இருங்க. ஞானசுந்தரம் ஐஸ்க்ரீம் கடைன்னு போர்டு மாட்டுன நாள்லருந்து ஒரு பால் பாக்கெட்ட உறைய விட்டிருக்கறீங்களா? ரோஸ்மில்க் பாட்டில மாத்தி வெச்சதுக்கு என்னைய எத்தன திட்டு திட்டியிருக்கறீங்க! எது உறையும், எது கெடும்னு உங்களுக்கா தெரியாது? தெரிஞ்சேதான் வெச்சிருக்கறீங்க!

— இல்ல புள்ள...

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க! எங்கக்கா போனது பத்தலையா? நானும் அப்படியே போகோணுமா உங்களுக்கு?

— அந்தப் பேச்சப் பேசாத, சாமி! ஊசி கெட்டுப்போச்சுன்னா நீ இன்னைக்கு அங்க போக மாட்டேன்னு நெனச்சேன். ஒரே ஒரு நாள் தள்ளிப்போனாப் போதும்னு இருந்துச்சு.

— அங்க போனா என்னவாம்?

— டாக்டரம்மா உன்னப் பாத்ததும் சொல்லிருவாங்க.

— என்னத்தச் சொல்லுவாங்க? ஏனுங்க, ஏன் அழுகறீங்க?

— ஊசியப் பத்திக் கேக்கப் போன அன்னைக்கு, கர்ப்பப்பை வாயில டெஸ்ட்டுக்குன்னு எடுத்தாங்கல்ல, அதோட முடிவு வந்துருச்சு புவனா. உனக்கு டவர் கெடைக்கலைன்னு எனக்குக் கூப்பிட்டாங்க. ஊசியெல்லாம் அப்புறமாம், மொதல்ல உன்னையச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க.