அட்டையை வெட்டினால் போதாது

துணி வெட்டும் கத்தரியால் பிளாஸ்டிக்கை வெட்டக் கூடாது. முனை மழுங்கிவிடும். இருபத்திரண்டு வருடத் தையல் வேலையில் அந்தத் தவறை நான்கு முறைதான் செய்திருக்கிறேன். நான்கும் ஒரே நாளில், என் கணவரின் நான்கு கிரெடிட் கார்டுகளுக்காக.

அவர் கெட்டவர் இல்லை, ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கார்டைக் கையில் எடுத்தால் மட்டும் குழந்தையாகிவிடுவார். உடம்பைக் குறைக்க ஓடும் இயந்திரம் வாங்கினார். இன்றுவரை அதில் என் ஈரத்துணிதான் காய்கிறது. தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவர் தூண்டில் வாங்கினார். ஒரு கார்டின் பாக்கிக்கு இன்னொரு கார்டைத் தேய்த்தார். குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லில் போட்டிருப்பதை ஏதோ சலுகை என்றே நம்பினார். வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது.

நான் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். மளிகை, பால், மின்சாரம், சேமிப்பு என்று மிச்சத் துணியில் நான்கு உறை தைத்துக் கொடுத்தேன். சேமிப்பு உறைக்கு ஜிப்கூட வைத்தேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று தினமும் சொல்வேன். "ஆகட்டும் டீச்சரம்மா," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு என் தையல் கடைக்கு நோட்டீஸ் வந்தது. நான் சம்பாதித்து வாங்கிய கடை. ஏதோ காகிதம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கி, அதன் மேல் கடன் எடுத்திருந்தார். தொண்ணூறு நாளில் கட்டாவிட்டால் கடை கைவிட்டுப் போய்விடும். அன்றுதான் கார்டுகளை வெட்டினேன்.

அடுத்த வாரமே ஒரு பார்சல் வந்தது. பறவை பார்க்கிற தொலைநோக்கி. எப்படி வாங்கினீர்கள் என்று கோபப்படாமல்தான் கேட்டேன்.

"நீ வெட்டுனது அட்டையத்தானே? நம்பர் இங்க இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "பதினாறு எண்ணும் மனப்பாடம். இத எந்தக் கத்தரியால வெட்டுவ?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான்.

வங்கியில் சொல்லி முடக்கியிருக்கலாமே என்பீர்கள். போன் செய்தேன். கார்டுக்காரர்தான் பேச வேண்டும் என்றார்கள். அவரா பேசுவார்? என் சித்தப்பா ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டவர். எல்லோரையும் அடையாளம் தெரியும், பாட்டுக்கூடப் பாடுவார், எண்கள் மட்டும் அழிந்துபோயின. அதற்கப்புறம் பதினோரு வருடம் நிம்மதியாக இருந்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, கூடத்து விரிப்பில் குப்புறப் படுத்திருந்தார். கடையிலிருந்து பழைய இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். ஆறு கிலோ இரும்பு. சூடு பண்ணவில்லை, அவரைச் சுடும் எண்ணம் எனக்கு இல்லை. பின்மண்டையில் ஒரு முறை, அளவாக.

அலறிக்கொண்டு எழப் பார்த்தார். தோளைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தேன். "பெரிய பாக்கி இருக்கிற கார்டு நம்பரச் சொல்லுங்க," என்றேன்.

நான் ஏதோ வாங்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். "சொல்லிடறேம்மா, அடிக்காத," என்று பதினாறையும் ஒன்று விடாமல் சொன்னார். சரியாகச் சொன்னதால் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவதுக்குப் பிறகும் பதினாறு. மூன்றாவதில் காதுக்கு மேலே எலும்பு உள்ளே இறங்கியது கைக்குத் தெரிந்தது. அப்போது பதினொன்றுதான் வந்தது. தேவலை என்று நினைத்தேன். நான்காவதில் வாய் சுவரில் மோதி ஒரு பல் விழுந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியிருந்ததால் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "சரியா சொன்னேனா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் அடித்தேன். ஏழாவதுக்குப் பிறகு ஆறு, ஆறு என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றுதானே பாக்கி என்று அடித்தேன். அதோடு மூச்சும் நின்றது.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். மறுக்கவில்லை. எண்ணை மட்டும் எடுக்கத்தான் பார்த்தேன்.

அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்கள். நான்கு கார்டு நம்பரும் எனக்கும் மனப்பாடம். நான் அதில் தேவைக்கு மட்டும்தான் வாங்குவேன், அதைக் கடன் என்று சொல்ல முடியாது. அன்றைக்கும் அப்படித்தான். விரிப்பு வீணாகிவிட்டது, துவைத்தால் போகிற கறையா அது? அதே மாதிரி விரிப்புக்கு அன்று மாலை ஆறு மணி வரை பாதி விலை. ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, துடைத்து, ஆர்டர் போட்டேன். பாதிப் பணம் மிச்சம், ஐயா. இப்படிப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் அவருக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன்.