ஈ காக்கா நுழையாத அறை

அக்கா: ...நாங்க வரமாட்டோம்னு சொல்லல சார். உங்க ஊர் மழையால பிளைட்தான் கிளம்பமாட்டேன்னுடுச்சு.

மேனேஜர்: அதுக்கு நான் என்னம்மா பண்றது? நான் பிளைட்டா ஓட்டறேன்? லாட்ஜ் ஓட்டறேன்.

அக்கா: அவங்க டிக்கெட் காச மறுபேச்சு இல்லாம திருப்பிட்டாங்க. ரெண்டு ராத்திரிக்கு முன்கூட்டியே கட்டின ரூம் காசுதான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு...

மேனேஜர்: மாட்டிக்கிட்டுன்னு ஏன் சொல்றீங்க? பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க.

தங்கை: அக்கா... ஸ்பீக்கர்ல போடேன்.

அக்கா: போட்டுட்டேன், சும்மா இருடி.

மேனேஜர்: யாரும்மா பக்கத்துல?

அக்கா: என் தங்கச்சி. வெளியாள்கிட்ட வாயே திறக்க மாட்டா, என் காதுலதான் ஓதுவா. சார், எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் கடலப் பாத்ததில்ல. அவங்களுக்காக ஒரு வருஷமா சேத்த காசு சார் அது.

மேனேஜர்: கடல் எங்கயும் ஓடிடாதும்மா.

அக்கா: காசு ஓடிடுச்சே!

மேனேஜர்: நியாயத்தக் கேளுங்க. உங்களுக்காக நேத்துலேர்ந்து அந்த ரூம காலியாப் போட்டு வெச்சிருக்கேன். வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். வேற ஆளுக்கு விட்டிருந்தா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே காச அனுப்பியிருப்பேன்.

தங்கை: போனக் குடுக்கா.

அக்கா: யாரு... நீயா?

தங்கை: குடேன்... சார், வணக்கம்.

மேனேஜர்: ஓ, வாய் திறந்தாச்சா! சொல்லும்மா.

தங்கை: ரூம்... நெஜமாவே காலியாத்தான் இருக்கா சார்?

மேனேஜர்: பூட்டி, சாவியக் கையிலயே வெச்சிருக்கேன். படுக்கை விரிச்சு, ஜன்னல் தொடச்சு...

தங்கை: உள்ள யாரும்...

மேனேஜர்: ஒரு ஈ காக்கா நுழையல.

தங்கை: இன்னிக்கு ராத்திரிக்கும் எங்களுக்குத்தானே?

மேனேஜர்: நாளைக்குக் காலைல வரைக்கும் அது உங்க ரூம்.

தங்கை: அப்பாடா... ரூம வேற யாருக்காவது குடுத்திருப்பீங்களோன்னுதான் சார் அக்கா காசு கேட்டா. காலியா இருக்குன்னா காசு எதுக்கு? ராத்திரி பஸ் புடிச்சு வந்துட்டோம். உங்க வாசல்லதான் நிக்கறோம்.

அக்கா: என்னடி சொல்...

தங்கை: அக்கா, அம்மாவ அந்தப் படியில உக்கார வை. நனையப் போறாங்க.

அக்கா: ...ஆங்... சரி. பாத்தும்மா, வழுக்கும்.

தங்கை: சாவியத் தரீங்களா சார்?

மேனேஜர்: இல்லம்மா... அந்த ரூம்ல குழாய் ஒழுகுது.

தங்கை: பரவால்ல சார், பக்கெட் வெச்சுக்கறோம்.

மேனேஜர்: பெயிண்ட் வேற அடிச்சிருக்கு... ஒரே வாடை...

தங்கை: ஜன்னலத் திறந்துக்கறோம். நீங்கதான் தொடச்சு வெச்சிருக்கீங்களே.

மேனேஜர்: ...ஆள் இருக்காங்கம்மா உள்ள.

தங்கை: எத்தன பேரு?

மேனேஜர்: ஆறு பேரு. கல்யாணத்துக்கு வந்தவங்க. கெஞ்சினாங்க... எனக்கும் மனசு கேக்கல.

அக்கா: மனசா, டபுள் வாடகையா?

மேனேஜர்: அக்காவக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லும்மா. காச இப்பவே அனுப்பிடறேன்.

தங்கை: முழுசாவா சார்?

மேனேஜர்: கேன்சல் பண்ணதுக்குப் பிடித்தம் மட்டும் கொஞ்சம்...

தங்கை: அக்கா, அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போ. அந்த ஆறு பேரோட கொஞ்சம் உக்காந்திருக்கட்டும்.

மேனேஜர்: முழுசா, முழுசா! இதோ... அனுப்பிட்டேன், பாரும்மா.

அக்கா: வந்துடுச்சுடி! ஒரு பைசா குறையல!

தங்கை: ரொம்ப நன்றி சார்.

மேனேஜர்: இரும்மா, வச்சிடாத. மழைல பெரியவங்கள வெச்சுக்கிட்டு எங்க போவீங்க? பக்கத்துத் தெருல தெரிஞ்ச லாட்ஜ் ஒண்ணு இருக்கு, நானே கொண்டுபோய் விடறேன். குடையோட வாசலுக்கு வந்துட்டேன்... எங்கம்மா நிக்கறீங்க? படியில ஒருத்தரையும் காணோமே?

தங்கை: நீங்க நனையாதீங்க சார், உள்ள போங்க... நாங்க எங்க வீட்டுலதான் இருக்கோம். நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு போன்ல ரூம் கேட்டுச்சே, 'பிளைட்ல வர வேண்டியவங்க வரல, அந்தக் கடைசி ரூமும் இப்பதான் போச்சு'ன்னு சொன்னீங்களே... அது நான்தான் சார்.