பதினேழாம் நாற்காலி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல் அரைப்போர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் ஆய்விதழின் பிழை திருத்தியே பார்வையைத் தேய்த்துக்கொண்ட தையற்கார அண்ணன் அவர்களே, மூச்சு முட்ட மாடிப்படி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தும் இரண்டாம் வரிசையின் அந்தக் காலி நாற்காலியை மட்டும் தொடாமல் விட்டிருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் பேச்சாளர் அல்ல, பரிசோதனைக்கூட உதவியாளர். கல் அரைக்கும் ஆலையில் முப்பத்தொரு தொழிலாளர்களிடம் மாதந்தோறும் மூச்சை அளக்கும் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று விரட்டியவள். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆறாம் மாதம் பதினேழாம் எண்காரர் வரவில்லை. "வரவில்லை" என்று எழுதினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அந்த அளவுகளை வைத்து எங்கள் கூடத்தின் மருத்துவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு பெரிய நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. வெளிவந்தது என்றா சொன்னேன்? உள்ளே போனது! முப்பத்தொரு பேரின் மூச்சு உள்ளே, அந்த முப்பத்தொரு பேரும் வெளியே! அளந்த நானும் வெளியே! பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்ற பூட்டுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்பது ஆண்டுகள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகுதான் நாம் நம் இதழைத் தொடங்கினோம். முதலாளி இல்லை, கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றிய ஆய்வோ, அவர்கள் முன்னால் வாய்விட்டுப் படித்த பிறகுதான் வெளியிடுவோம். அதே கட்டுரையை நம் இதழிலும் வெளியிட மருத்துவர் தம் கைப்பிரதியோடு வந்தார். மூடிக் கிடந்த ஆலையின் சாப்பாட்டுக் கொட்டகை, பிற்பகல் மூன்று மணி. எண் ஒட்டிய முப்பத்தொரு நாற்காலிகள்.

"ஒன்று" என்று படித்தால், "அது நாந்தாங்க" என்று ஒரு குரல். இறந்தவர்களுக்கு அவர்கள் வீட்டார் எழுந்தார்கள். பதினேழுக்கு மட்டும் யாரும் இல்லை. 'தொடர்ந்து வரவில்லை, ஆகவே சேர்க்கப்படவில்லை' என்று மருத்துவர் படித்தார்.

அப்போது கேட்டது. ஒரு மூச்சு. கீச்சென்று இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு.

என்னம்மா, பேய்க்கதையா என்கிறீர்களா? நானும் காற்று என்றுதான் நினைக்கப் பார்த்தேன். அன்று ஓர் இலை அசையவில்லை ஐயா! பக்கத்து நாற்காலியில் இருந்த பதினெட்டாம் எண்காரர் துள்ளி எழுந்தார்.

"டாக்டர், நிறுத்துங்க! இது அவன் மூச்சு. மூணு வருஷம் பக்கத்துல நின்னு வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? வரலைன்னு எந்தப் புண்ணியவாளன் எழுதினது? அன்னிக்கு அவன் செத்து நாலு நாள் ஆயிருந்துச்சு!"

எழுதியது இந்தக் கை. இதோ, இதே கை.

அவர் வீட்டைத் தேடிப் போனோம். கதவைத் திறந்த அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாம்மா? கடைசி நாள்கூட, 'குழாய் ஊதப் போகணும், தூக்கி உக்கார வை'ன்னு உயிரை எடுத்தாரு" என்றார்.

பதினேழைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டோம். 'இந்தத் தூசியால் பெரிய கேடில்லை' என்ற முடிவு சுக்குநூறானது. இந்தத் தூசி கொல்கிறது! என் பிழையையும் சேர்த்து, எவரும் படிக்கும்படி வெளியிட்டோம். அந்த நிறுவனத்துக்கும் எழுதினோம். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. அவர்களுடைய பக்கத்தில் அவர் இன்றும் சாகவில்லை, வெறுமனே வரவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வேறு ஆலைகள் இன்றும் ஓடுகின்றன.

அதே நிறுவனம் இப்போது நம் இதழை விலைக்குக் கேட்கிறது. "வளர்த்துத் தருகிறோம்" என்கிறது. கொடுக்கலாமா என்று முடிவு செய்யத்தான் இன்று கூடியிருக்கிறோம். கொடுத்துவிட்டால் யார் வாய்விட்டுப் படிப்பார்கள்? யார் துள்ளி எழுந்து நிறுத்துவார்கள்? செத்தவரை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டவா?

ஒலிபெருக்கிக்காரரே, இதை அணைத்துவிடுங்கள். மின்விசிறிகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் பேச வேண்டாம்.

பதினேழு!

...

கேட்கிறதா? தாய்மார்களே, பயப்படாதீர்கள். அந்த நாற்காலிக்கு அடுத்து அமர்ந்திருக்கும் அவர் மனைவி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அக்கா.

"வந்திருக்காருங்க."

வந்திருக்கிறார்! பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்கிறேன். இதழைக் கொடுக்க மாட்டோம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கூப்பிட்டதும் வந்தவருக்கும் என் நன்றி. வணக்கம்.