நான் பாக்காத மேட்ச்

இல்லீங்க சிஸ்டர், பயமெல்லாம் ஒண்ணுமில்ல. பிரஷர் ஏறியிருக்குன்னா அது ஆபரேஷனுக்காக ஏறினது இல்ல. நாலு மணிக்கு மேட்ச் இருக்கு. எட்டு மாசமா சனிக்கிழமை ஆனா இப்படித்தான். அட்டையில அதையும் எழுதிடுங்க, டாக்டர் பயந்துடப் போறாரு.

ஃபுட்பால்தான். நம்ம ஊர் டீம்தான், வேற யாரு. நீங்க பாக்கறதில்லையா? நல்ல காரியம் பண்ணீங்க. உங்க நெஞ்சை யாரும் பொளக்க வேண்டியிருக்காது.

நீங்க சவரம் பண்ணுங்க, நான் அசையாமப் பேசறேன்.

முப்பத்தி மூணு மேட்ச் ஆடியிருக்கோம். ஜெயிச்சது நாலு. மிச்சத்துல பாதி தோல்வி, பாதி டிரா. எங்களை விட மோசமா ஒரு டீம் ஆடின புண்ணியத்துல இன்னும் உசுரோட இருக்கோம். இன்னைக்குக் கடைசி மேட்ச். ஜெயிச்சா தப்பிச்சோம். டிரா ஆனாக்கூட கீழ் டிவிஷன்தான். அங்க கிரவுண்டுக்கு மூணு பக்கம்தான் சுவரு. நாலாவது பக்கம் லாரி ஷெட்டு. பந்து அந்தப் பக்கம் போச்சுன்னா டிரைவர் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் ஆட்டம் நிக்கும்.

எங்க கோல்கீப்பருக்கு கேலரில பேரு திறந்த வீடு. பந்து அப்படித்தான் போகும், நாய் பூந்த மாதிரி. முன்னாடி ஆடறவன் ஒருத்தன் இருக்கான், பெரிய வெலைக்கு எடுத்தாங்க. பெனால்டி அடிச்சான், ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைஞ்சுது. அதுக்கும் கை தட்டினோம், எதையோ குறி பாத்து அடிச்சிருக்கான்ல. கோச்சு மூணு பேரு மாறிட்டாங்க. இப்ப இருக்கறவரு பேட்டில சொல்றாரு, போன வருஷத்தை விட பந்து நம்மகிட்ட அதிக நேரம் இருக்காம். இருக்கும்தான? வலைக்குள்ளேர்ந்து எடுத்து, நடுவுல கொண்டாந்து வைக்கிற வரைக்கும் நம்மகிட்டதான இருக்கு.

நான் ஒண்ணும் பெரிய ரசிகன் இல்ல. என் வீட்டுக்காரிதான். பதினாலு வருஷமா கேலரில ஒரே சீட்டு. அவ ரெஃபரியைத் திட்டற திட்டுல, டிவிக்காரங்க மைக்கைத் தூக்கிட்டுப் போய் எதிர்ப்பக்கம் வச்சுட்டாங்க. நெசமா. அதைப் பெருமையா சொல்லிக்குவா.

நான் மேட்ச் பாத்தாத்தான் ராசி இல்லைன்னு ஆகிப்போச்சு. கேளுங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். சீசன் ஆரம்பிச்சு ஆறாவது வாரம், ஒரு ஆஃபீஸ்ல ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ள ஒரு வக்கீலு, வெளிய வந்ததும் கேஸ் போடுவேன்னு கத்திட்டிருக்காரு. நான் மேல ஷாஃப்ட்ல தொங்கிட்டிருக்கேன். போன்ல சிக்னல் இல்ல. அவரை இழுத்து வெளிய போட்டுட்டு வந்து பாத்தா, மூணுக்கு சைபர் ஜெயிச்சிருக்கோம். அடுத்தது, பெரிய பொண்ணு வீடு மாறினா. பீரோவைத் தூக்கிட்டு மாடி ஏறிட்டிருந்தேன், ஜெயிச்சோம். அப்புறம் ஒரு பல்லு புடுங்கப் போனேன், அன்னைக்கும் ஜெயிச்சோம். அன்னைக்கு சாயங்காலமே வீட்ல மாநாடு. இன்னும் எத்தனை பல்லுங்க இருக்குன்னு கேட்டா வீட்டுக்காரி.

நாலாவதுக்கு அவளே என்னை சலூனுக்கு அனுப்பினா. தலையைப் பாக்கறீங்கள்ல, அங்க போய் நான் என்னத்தை வெட்டிக்கறது? இருந்தாலும் போனேன். ஜெயிச்சோம்.

மோதிரமா? கழட்டியாச்சு. மச்சான்கிட்ட குடுத்துட்டேன். பல்செட்டெல்லாம் கிடையாது, நான் சொன்ன பல்லு ஒண்ணே ஒண்ணுதான்.

ஆமா, திங்கக்கிழமைன்னுதான் இருந்துச்சு. காலையில பெரிய டாக்டர் ரிப்போர்ட்டோட வந்தாரு. திங்கள் வரைக்கும் தாங்காது, இன்னைக்கே ரெண்டரைக்கு எடுத்துக்கறேன்னாரு. பொழைக்கறதுக்கு நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன். எழுபதுன்னாரு. எங்க டீமுக்கு இதுவரைக்கும் யாரும் எழுபது குடுத்ததில்ல. கையைப் புடிச்சு தேங்க்ஸ் சொன்னேன்.

வெளிய நிக்கறது என் மச்சான்தான், வீட்டுக்காரியோட தம்பி. ஆபரேஷன் ஃபார்ம்ல சாட்சிக் கையெழுத்து அவன்தான் போட்டான். மேட்ச் எத்தனை ஓவர்னு கேக்கற ஆளு. வாயைத் திறக்காதடான்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.

அவளா? கிரவுண்டுக்குப் போயிருக்கா. ரெண்டு பொண்ணுங்களும் கூடப் போயிருக்காங்க.

இல்ல. தெரியாது. திங்கக்கிழமைன்னுதான் நெனச்சிட்டிருக்கா.

கோவிச்சுக்காதீங்க சிஸ்டர், கையில பிளேடு இருக்கு. காலையில போன் பண்ணா. டிக்கெட்டை யாருக்காவது குடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்னா. டாக்டர் அப்பதான் சொல்லிட்டுப் போயிருந்தாரு. நான் சொன்னேன், நீ கிளம்பு, இன்னைக்கு நான் போனை அணைச்சுட்டு, டிவி பக்கமே திரும்பாம படுத்துக்கறேன், அப்பதான் ஜெயிப்போம்னு. சரி, ஆறு மணி வரைக்கும் கண்ணையே தொறக்காதீங்கன்னா. சரின்னேன்.

ராசியாவது ஒண்ணாவது. அந்த சலூன்ல டிவி ஓடிட்டிருந்துச்சு. மொத்த ஆட்டத்தையும் பாத்தேன், ரெண்டு கோலையும் பாத்தேன். வீட்ல சொல்லல. எதுக்காவது ஆகும்னு வச்சிருந்தேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அந்த பெஞ்சு இருக்கு பாருங்க. நேத்து ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்போ பாத்தேன். எதிர்ல சுவரு, சுவத்துல ஒரு சிவப்பு லைட்டு, அவ்வளவுதான். மூணரை மணி நேரம் அதையே பாத்துட்டு உக்காரணும். திட்டறதுக்கு ஒரு ரெஃபரி கூட இல்ல. அவளுக்கு சும்மா உக்காந்து பழக்கமில்லீங்க. அங்கன்னா கத்தலாம். கூடக் கத்தறதுக்கு ஆறாயிரம் பேரு இருக்காங்க. எதுக்குக் கத்தறான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

திட்டுவா. நல்லாத் திட்டுவா. திட்டட்டும், கேக்கறதுக்கு நான் இருந்தா சந்தோஷம்தான்.

அந்த ஃபார்ம்ல ரெண்டாவது போன் நம்பர் அவளோடது. ஆறு மணிக்குள்ள மேட்ச் முடிஞ்சுடும், டாக்டரும் ஆறுன்னுதான் சொன்னாரு. அதுக்கு முன்னாடி யாரும் கூப்பிட வேணாம். மச்சானை விடாதீங்க, அவனுக்குப் பேச்சு வராது, அழுதுடுவான். நீங்களே கூப்பிடுங்க. எடுத்ததும் ஆஸ்பத்திரின்னு சொல்லிடாதீங்க. ஸ்கோர் என்னன்னு கேளுங்க. அவ சொல்லி முடிக்கட்டும். ஜெயிச்சிருந்தா கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கோங்க. முடிச்சதுக்கப்புறம் உங்க விஷயத்தைச் சொல்லுங்க, எதுவா இருந்தாலும்.