ஊறாத விதை

— மண்வெட்டியைக் கீழ வை சியூலான். என் வயலுக்கு மறு விதைப்பு வேண்டாம்.

— சும்மா இருங்க லுவான் அண்ணே. குளிர் இறுகுறதுக்குள்ள விதை மண்ணுல விழணும். வரப்புல பாருங்க, தெருவே வந்து நிக்குது. ஆளுக்கொரு பை. எல்லாம் நீங்க ஊற வச்சு, உலர்த்திக் குடுத்ததுல மிச்சம்.

— அவங்களைத் திரும்பிப் போகச் சொல்லேன்.

— எந்த மூஞ்சியோட சொல்ல? மஞ்சள் ஆறு கடல்ல விழுற இந்த உவர் மண்ணுல கோதுமை இப்படிச் சேர்ந்தாப்ல முளைச்சு யார் பார்த்தா? உப்புப் பூத்த நிலத்துக்கு உப்புக் கரைசல்ல ஊறின விதையான்னு உங்களைக் கேலி பண்ணினோம். சும்மா இருந்தீங்களா? வீடு வீடா ஏறி இறங்கினீங்க.

— இறங்கினேன்.

— இப்ப ஊரே பச்சை. நடுவுல உங்க வயல் மட்டும் வெள்ளை வெளேர்னு கிடக்கு. ஊற வைக்குற கரைசல் பத்தாமப் போயி, தன் பங்கையும் நமக்கே குடுத்துட்டாருன்னுதான் பேச்சு. ஹாவ் பெரியவர் நேத்து சாப்பிட உக்காந்தவரு, உங்களை நெனச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

— கேளும்மா. கரைசல் பத்தாமப் போகல. தொட்டியில மிச்சமே இருந்துச்சு.

— அப்புறம் என்ன?

— பயம். ஊறின விதை அழுகிப் போச்சுன்னா இன்னொரு தரம் விதைக்க வீட்டுல விதை இருக்காது. ஊர் வயல் போனாலும் என் வீட்டு அடுப்பாவது எரியட்டும்னு நெனச்சேம்மா. உங்க எல்லாருக்கும் முந்தி, விடியக் காலையில, எனக்கு மட்டும் வெறும் விதையைப் போட்டேன். உங்களை முன்னால தள்ளிவிட்டுட்டு நான் ஓரமா நின்னுக்கிட்டேன். அது முளைக்கல. எனக்கு நல்லா வேணும்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, இந்த ஓரத்தை வெட்டணும்.

— திட்டவாவது செய்யேன். வேணாம், நானே வரப்புக்குப் போயி எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன். காறித் துப்பட்டும்.

— அவங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்ல வேண்டியதில்ல.

— ஏன்?

— அன்னைக்கு வாத்துகளை ஓட்டிக்கிட்டு வாய்க்கால் பக்கம் வந்தேன். நீங்க ஊற வைக்காத வீட்டுச் சாக்கை அவிழ்த்து விதைப்பு மெஷின்ல கொட்டினதைப் பார்த்தேன்.

— பார்த்தியா? பார்த்துட்டு நீயும் வெறும் விதையே போட்டிருக்கலாமேம்மா?

— எங்கிட்ட இருந்த விதை மொத்தமும் அந்நேரம் உங்க தொட்டியில ஊறிக்கிட்டிருந்துச்சுண்ணே.