அஞ்சு படி ஒசரம்

பலகையா? படி மேல பலகைய சாச்சி போட்டு, வீல்சேரோட என்ன சறுக்கி எறக்கணும்னா நான் இன்னா நெல்லு மூட்டையாய்யா? நீ வேலைக்கு வந்து ரெண்டு நாளு முழுசா ஆவல டென்னிசு, அதுக்குள்ள எங்கூட்டுக்கு இஞ்சினீரு ஆயிட்ட. குந்து. அந்த ஸ்டூல்ல குந்துய்யா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, கக்கூசுக்கு அப்பால போலாம்.

ஒன்ன அனுப்புனாங்களே கள்ளக்குறிச்சி ஆபீசுல, இன்னா சொல்லி அனுப்புனாங்க? பெரியவரு ஒருத்தரு, குளிப்பாட்டணும், சோறு குடுக்கணும், பின்னாடி கக்கூசுக்கு தூக்கினு போயி தூக்கினு வரணும். அவ்ளோதான? படிய பத்தி யாராச்சும் ஒன்ன கேட்டாங்களா? தியாகதுருகம் ரோட்டுலருந்து இந்த ஊருக்கு திரும்பனா, மொதல்ல கண்ணுல படறது எந்த வூடு? இந்த நாராயணசாமி வூடு. ஏன் படுது? பேஸ்மட்டம் அவ்ளோ ஒசரம். எந்தம்பி பச்சமுத்து மூணு படி வச்சி கட்டிட்டு, கோட்ட கட்னவனாட்டம் நெஞ்ச நிமித்திக்கினு திரிஞ்சான். நான் அஞ்சு வச்சன். கொத்தனாரு சொன்னான், 'ஐயா, வயசான காலத்துல ஏறி எறங்கறது கஷ்டம்'னு. யாருக்குடா வயசாவுதுன்னு கேட்டன். வாய மூடிக்கினு வேலைய பாத்தான். கிரானைட்டு போட்டன் பாரு, குனிஞ்சா மூஞ்சி தெரியும். மழ பேஞ்சா கொஞ்சம் வழுக்கும்... கல்லுன்னா வழுக்கத்தான் செய்யும். நான் வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கினதுக்கு படி இன்னா பண்ணும்? செருப்பு சரியில்ல. எம்மருமவ ராதிகா வாங்கியாந்த செருப்பு.

'உள்ளயே ஒரு கக்கூசு வச்சிருக்கலாமே'ன்னு நேத்து கேட்ட இல்ல? இருந்திச்சிய்யா. வூடு கட்டும்போதே ராதிகா பிளான்ல சொருவிட்டா. ஹாலுக்கு பக்கத்துலயே ரூமு, நாற்காலி கணக்கா குந்தற வெள்ளக்காரன் கக்கூசு, செவுத்துல புடிச்சிக்க கம்பி. 'மாமா, பின்னால ஒங்களுக்கு ஒதவும்'ங்கறா. வரப்புல ஓடிக்கினு இருந்தவன் அப்ப நானு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரன்லாம் அதுக்குள்ள எட்டி எட்டி பாத்துட்டு, 'இன்னாப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா'ன்னு கேக்கறான். எனக்கு எப்பிடி இருக்கும்? எல்லாம் கெளம்பி போனதும் ஆள வுட்டு பேத்தெடுத்து தோட்டத்துல போட்டன். இப்ப அதுல கோழி அட படுத்திருக்குது. அந்த ரூமு முச்சூடும் யூரியா மூட்ட. நெலம் வச்சிருக்கவனுக்கு யூரியா முக்கியமா, கம்பி முக்கியமா, நீயே சொல்லு... சொல்ல மாட்ட. சிரிக்கற. சிரி.

எதிர்வூட்டு சேவியர்ராஜ பாத்தியா? ரிட்டயர்டு வாத்தியாரு. பென்ஷன் வாங்க ஆரம்பிச்ச கையோட படுக்கறதுக்கு ரெடியாயிட்டான்யா அந்தாளு. நல்லா இருந்த படிய இடிச்சி சரிவாக்கனான். வாசக்கால அகலமாக்கனான். கட்டில மாடிலருந்து கீழ எறக்கனான். அதோட வுட்டானா? கிறிஸ்மசுக்கு வந்த புள்ளைங்கள குந்த வச்சிக்கினு, 'நான் படுத்துட்டா யாரு வருவீங்க, ஒங்கம்மா படுத்துட்டா யாரு வருவீங்க, ஆள் வச்சா அந்த ஆள யாரு கவனிப்பீங்க'ன்னு பேசறான். பண்டிக நாளும் அதுவுமா, பிரியாணி தின்ன வாயால பேசற பேச்சா அது? நான் டீக்கடைல நேராவே கேட்டன், 'இன்னா வாத்தியாரே, சவப்பொட்டிக்கு ஆசாரிகிட்ட அளவு குடுத்துட்டியா'ன்னு. கடையே சிரிச்சிது. அவனும் சேந்து சிரிச்சான். ரோஷம் கெட்டவன்.

எனக்கு அந்த ரோசனைலாம் எதுக்கு? சின்னப்பொண்ணு இருந்தா. எம்பொண்டாட்டி. என்ன வுட பத்து வயசு சின்னவ. நான் படுத்தா அவ பாத்துக்குவா, அதுல யோசிக்க இன்னா கீது? எனக்கு முன்னாடி அவ பூடுவான்னு யாரு கண்டா... வுடு.

இப்ப வாத்தியாரு பொண்டாட்டி, அந்த மார்கரெட்டம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சி. வாத்தியாரு பேரே தெரியல அதுக்கு. ஆனா சாயங்காலமானா சேல கட்டிவுட்டு, தல சீவிவுட்டு, வீல்சேர உருட்டிக்கினு அவன் வெளிய வந்துடறான். அந்த சரிவுல எறங்கி சர்ச்சு வரைக்கும் போயி, வர்றவன் போறவன்கிட்டலாம் நின்னு பேசிட்டு வரான். மவ வந்து கொஞ்ச நாள் இருக்குது, அப்பால மவன் வரான். வேலைக்கு ஒரு பொம்பள, வருஷக்கணக்கா அதே பொம்பளதான். எப்பிடித்தான் நிக்கறாளோ. நான் இந்த ஜன்னலாண்ட குந்திக்கினு அத்தயெல்லாம் பாக்கணும். எனக்கு கை வேற காட்டுவான். நான் மூஞ்ச திருப்பிக்குவன்.

இங்க மட்டும் ஏன் ஆளு நிக்கலன்னுதான மனசுல நெனைக்கற? வர்றவன் ஒழுங்கா இருந்தா நிப்பான். மொதல்ல வந்தவன் அஜித்து. போன நோண்டிக்கினே எனக்கு தண்ணி ஊத்தறான். 'ஒங்கப்பனையும் இப்பிடித்தான் குளிப்பாட்டுவியா'ன்னு கேட்டன். அப்பன் செத்து கொஞ்ச நாள்தான் ஆச்சாம். எனக்கு எப்பிடி தெரியும்? வேலைய வுட்டு பூட்டான். அப்பால வந்தவன் வீரமுத்து. நல்ல பலசாலி, என்ன கொழந்தையாட்டம் தூக்குவான். சாப்பாடுதான் ஜாஸ்தி. ரெண்டாந்தபா சோறு போட்டுக்கும்போது ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்ததான்யா சொன்னன். தட்ட அப்பிடியே வச்சிட்டு எழுந்துட்டான். இந்த காலத்து ஆளுங்களுக்கு பொறும கம்மி, ரோஷம் ஜாஸ்தி.

எம்மவன் அறிவுச்செல்வன் ஓசூர்லருந்து போன்ல சொல்றான், 'அப்பா, இந்த டென்னிசுதான் கடைசி. இவரும் நிக்கலன்னா முதியோர் ஹோம்ல சேத்துடுவன், என்னால ஆள் தேடிக்கினே இருக்க முடியாது'ன்னு. ஹோமாம். வரிசையா கட்டில போட்டு, எவன்னே தெரியாதவன் பக்கத்துல படுக்க வச்சி, அவங்க குடுக்கற நேரத்துக்கு கஞ்சி குடிக்கணும். நான் கட்ன வூட்ட வுட்டுட்டு நான் ஏன்யா போவணும்? எனக்கு அத்த நெனச்சாதான் பயமா இருக்குது. அதான் அவன்கிட்ட சொல்லிட்டன், 'டென்னிசு நல்லா பாத்துக்கறான்'னு. ஆமாய்யா, ஒன்னத்தான் சொன்னன். ஒம்மூஞ்சிக்கு நேரா சொன்னா கெட்டுப்பூடுவ.

அதுக்காக நீ ஒண்ணும் ஒசத்தின்னு நெனச்சிக்காத. சட்டைக்குள்ள இன்னா அது, இடுப்புல? பெல்ட்டா? இடுப்பு வலிக்கு போடறதா? அதுக்குத்தான் பலக கேட்டியா? நல்லா பாத்து அனுப்புனாங்கய்யா ஆள. என்ன தூக்கறதுக்கு முன்னாடி ஒன்ன தூக்க ஒரு ஆளு வேணும் போலருக்குது. ஏன்யா, இடுப்பு ஒடஞ்சவனுக்கு இந்த பொழப்பு எதுக்கு? வூட்ல பொண்டாட்டி சோறு போட மாட்றாளா?

எங்க எழுந்துட்ட? போனா? இங்கயே பேசு, நான் இன்னா ஒட்டா கேக்க போறன்... சரி, வெளிய போயி பேசிட்டு வா. அந்த அஜித்தும் இப்பிடித்தான், எப்ப பாத்தாலும் போனு. நீ வா, வாத்தியாரு கத இன்னும் கீது, சொல்றன்... போன் பேச போறவன் பைய எதுக்கு எடுத்துக்கினு போற?

டென்னிசு. அந்த சத்தம் ஒன் வண்டிதான? டீ குடிக்கவா போற?

போ. போய்யா. ஒன்ன நம்பியா நான் பொறந்தன்? எத்தினியோ பேரு வந்தான், எத்தினியோ பேரு போனான்...

யோவ், டென்னிசு. நில்லுய்யா. நீ சொல்றபடியே செஞ்சிக்கலாம், இன்னா சொல்றியோ அதான். எம்மவனுக்கு மட்டும் போன் பண்ணிடாத. வாய்தான்யா எனக்கு, மனசுல ஒண்ணும் கெடையாது. இனிமே வாயே தொறக்க மாட்டன், நீ பாட்டுக்கு ஒன் வேலைய பாரு...

...

பாத்தியா, பேசல.

...

டென்னிசு? நான் பேசாம இருக்கறது ஒனக்கு கேக்குதாய்யா?